முள்ளை நம்பாமல் பெட்ரோல் கணக்கு: உங்கள் வண்டி உண்மையில் எவ்வளவு தூரம் போகும்?

முள் பாதியில் நின்றால் டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கிறது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். மோட்டார்சைக்கிளில் அது பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை, அதுவும் கேஜ் கெட்டுப்போனதால் அல்ல, நல்ல நிலையில் இருக்கும் கேஜே அப்படித்தான் காட்டும். முதல் பாதி மெதுவாக இறங்கும், இரண்டாவது பாதி மளமளவென்று இறங்கும், கடைசிக் கோடு மினுக்க ஆரம்பித்ததும் இன்னும் பத்து கிலோமீட்டர் போகுமா ஐம்பது போகுமா என்று தெரியாமல் வயிற்றைக் கலக்கும். எத்தனை லிட்டர் போட்டோம், எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்ற இரண்டு எண்களை வைத்து உங்கள் வண்டியின் கணக்கை நீங்களே தெரிந்துவைத்துக்கொள்வதுதான் இதற்கு வழி. அதற்குப் பிறகு கேஜை ஒரு துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேஜ் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது முதலில் புரிந்தால்தான் மீதி எல்லாம் மனதில் நிற்கும்.

கேஜ் பார்ப்பது உயரத்தை மட்டும்

டேங்குக்குள் ஒரு மிதவை, ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். பெட்ரோல் ஏற இறங்க மிதவையும் ஏறி இறங்கும், கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசிக்கொண்டே நகரும், தடை மாறும், அந்த மாற்றத்தைத்தான் முள்ளாகவோ கோடுகளாகவோ மீட்டரில் பார்க்கிறோம். ஆக, அந்த அமைப்புக்குத் தெரிந்தது ஒரே ஒரு இடத்தில் பெட்ரோல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது மட்டும்தான். எத்தனை லிட்டர் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

டேங்க் ஒரு செவ்வகப் பெட்டியாக இருந்தால் உயரமும் லிட்டரும் ஒன்றாகவே இறங்கும், பிரச்சினையே இல்லை. மோட்டார்சைக்கிள் டேங்க் சேஸின் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின்) முதுகுக் குழாய்க்கு மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நடுவே நீளவாக்கில் ஒரு வாய்க்கால் தெரியும், உள்ளே அது மேடாக இருக்கும். மேல்பகுதி அகலமான ஒரே அறை, கீழ்ப்பகுதி இடது வலது என்று இரண்டு குறுகலான பைகள். மேலே ஒரு சென்டிமீட்டர் இறங்க நிறைய பெட்ரோல் தீர வேண்டும், கீழே அதே ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் தீர்ந்தாலே போதும். 12 லிட்டர் டேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள், உயரத்தில் மேல் பாதியில் 8 லிட்டரும் கீழ் பாதியில் 4 லிட்டரும் நிற்கும் வடிவம் என்றால், முள் நட்டநடுவில் நிற்கும்போது மிச்சம் இருப்பது மூன்றில் ஒரு பங்குதான். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: பல டேங்குகளில் முழுதும் நிறைவதற்கு முன்பே மிதவை மேலே போய் முட்டிவிடும், அதற்கு மேல் ஊற்றிய பெட்ரோல் முள்ளுக்குத் தெரியாது. டேங்கை நிரப்பிவிட்டு வெகுதூரம் ஓட்டிய பிறகும் முள் ஃபுல்லிலேயே அசையாமல் நிற்பதைப் பார்த்து மைலேஜ் பிரமாதம் என்று சந்தோஷப்படுகிறோமே, அது இதனால்தான்.

பெட்ரோல் அந்த நடு மேட்டுக்குக் கீழே இறங்கியதும் இரண்டு பைகளும் தனித்தனியாகிவிடும். மிதவை ஒரு பக்கம்தான் இருக்கும், பெட்ரோலை எடுக்கும் இடமும் பல வண்டிகளில் ஒரு பக்கம்தான். சில டேங்குகளில் இரண்டையும் இணைக்க அடியில் ஒரு ட்யூப் இருக்கும், இல்லாதவற்றில் மறுபக்கம் தங்கிய பெட்ரோல் வண்டி குலுங்கும்போதும் வளைவில் சாயும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாண்டி வந்தால்தான் உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நடுரோட்டில் வண்டி நின்றுபோனால் உதவும்.

சாய்வு அடுத்த சிக்கல். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் எல்லாம் இடதுபக்கம் சேரும், மேட்டில் ஏறும்போது பின்னால் போகும், பிரேக் அடித்தால் முன்னால் பாயும். எனவே கேஜைப் பார்க்க வேண்டிய நேரம் ஒன்றுதான்: சமதரையில், வண்டியை நிமிர்த்திப் பிடித்து, சில விநாடிகள் பொறுத்து. டிஜிட்டல் மீட்டர்கள் இந்த அலைச்சலைச் சமாளிக்க வரும் அளவுகளைச் சராசரி எடுத்து மெதுவாகத்தான் காட்டும், அதனால் பெட்ரோல் போட்ட உடனே கோடுகள் ஏறவில்லை என்று பதற வேண்டாம். சாவியை அணைத்து மறுபடி போட்டால்தான் புது அளவைக் காட்டும் வண்டிகளும் உண்டு. அப்புறம், ஆறு கோடு இருந்தால் ஒவ்வொன்றும் டேங்கில் ஆறில் ஒரு பங்கு என்று கணக்குப் போடாதீர்கள். முதல் கோடு தீர எடுத்துக்கொள்ளும் தூரத்தில் பாதிகூட நாலாவது கோடு தாங்காமல் போகலாம்.

கேஜே இல்லாமல் எச்சரிக்கை விளக்கு மட்டும் இருக்கும் வண்டிகளில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் டேங்கின் அடிப்பகுதியில் தெர்மிஸ்டர் என்ற ஒரு சின்ன மணி இருக்கும். அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை பெட்ரோல் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும், தடை அதிகமாக இருக்கும், விளக்கு எரியாது. பெட்ரோல் இறங்கி மணி வெளியே தெரிந்ததும் சூடாகி, தடை குறைந்து, விளக்கு எரியும். சூடாக நேரம் பிடிக்கும் என்பதால் விளக்கு உடனே வராது, வந்தாலும் ஒரு குலுங்கலில் பெட்ரோல் தெறித்து அணைந்துவிடும். ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள், அது எரிந்ததாகவே கணக்கு.

ரிசர்வ் என்பது தனி டேங்க் அல்ல

பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டிகளில், டேங்கிலிருந்து பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கில் ஆன், ரிசர்வ், ஆஃப் என்று மூன்று நிலை. உள்ளே இரண்டு வழி இருக்கிறது, ஒன்று உயரமாக நிற்கும் குழாயின் வாய், இன்னொன்று டேங்கின் அடிமட்டத்தில் உள்ள துளை. ஆனில் ஓடும்போது உயரமான குழாய் வழியாக வருகிறது, பெட்ரோல் அதற்குக் கீழே போனதும் வண்டி விக்க ஆரம்பிக்கும், ரிசர்வுக்குத் திருப்பினால் அடித்துளை திறக்கும். இதைவிட நேர்மையான கேஜ் எந்த வண்டியிலும் வந்ததில்லை என்பது என் உறுதியான கருத்து. எப்போது ரிசர்வ் விழுந்தது என்று ட்ரிப் மீட்டரை (நாமே பூஜ்யமாக்கிக்கொள்ளக்கூடிய கிலோமீட்டர் மீட்டரை) பார்த்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்ரோல் போட்டதும் மறுபடி ஆனுக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை விக்காமல் கொள்ளாமல் ஒரேயடியாக நின்றுபோகும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், டேங்குக்குள் சேர்ந்தால் அடியில்தான் தங்கும், எனவே ரிசர்வுக்குப் போனதும் வண்டி அடைத்துக்கொண்டு ஓடினால் டேங்கின் அடியையும் காக்கில் உள்ள வடிகட்டியையும் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெரும்பாலும் காக் கிடையாது. பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அதைச் சுற்றியும் அதன் வழியாகவும் ஓடும் பெட்ரோல்தான் அதைக் குளிர்வித்து மசகும் போடுகிறது. அதனால் இந்த வகை வண்டியைக் கடைசிச் சொட்டுவரை ஓட்டிப் பார்ப்பது நல்லதல்ல.

டேங்க் நிரப்பிக் கணக்கிடும் முறை

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: டேங்கை நிரப்பு, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கு, ஓட்டு, மறுபடி நிரப்பு, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகு. 315 கி.மீ. ஓடி 7 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 45. இதையே 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று பார்க்க வேண்டுமானால் 100-ஐ 45-ஆல் வகுங்கள், சுமார் 2.2 லிட்டர். சொல்ல எளிதுதான், செய்யும்போது கோட்டைவிடுவது முழுக்க "நிரப்பு" என்ற இடத்தில்.

முதல் தடவை எந்த மட்டம் வரை நிரப்பினீர்களோ இரண்டாவது தடவையும் அதே மட்டம் வரை நிரப்ப வேண்டும். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் வாயின் கீழ் விளிம்பு, அல்லது உள்ளே துளையுள்ள ஒரு தகடு தெரியும். அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் அதைத் தொட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள். நாசில் தானாகக் கட் ஆவதை நம்ப வேண்டாம், நாசிலை எவ்வளவு ஆழம் விட்டிருக்கிறார்கள், எந்தச் சாய்வில் பிடித்திருக்கிறார்கள், எவ்வளவு நுரை கட்டுகிறது என்பதைப் பொறுத்து அது முன்னே பின்னே கட் ஆகும். வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும், சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில். சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால் டேங்கின் வலதுபக்க மேல் மூலையில் காற்று தங்கிக்கொள்ளும், கண்ணுக்கு நிறைந்த மாதிரி இருக்கும், நிமிர்த்தியதும் மட்டம் சட்டென்று இறங்கிவிடும். முடிந்தால் இரண்டு தடவையும் ஒரே பங்க், ஒரே பம்ப்.

விளிம்பு வரை தளும்பத் தளும்ப ஊற்ற வேண்டாம். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும், அதாவது நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 10 லிட்டர், வெயிலில் நின்று 20 டிகிரி சூடேறினால் 200 மில்லி கூடுதல் இடம் கேட்கும். அதற்கு இடம் விடாவிட்டால் மூடி வழியாக வழியும், அல்லது புதிய வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுக்கும்.

இனி பிழைக் கணக்கு. எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் ஒரு 0.3 லிட்டர் முன்னே பின்னே வரத்தான் செய்யும். 135 கி.மீ. ஓட்டி 3 லிட்டர் போட்டால் உண்மையான மைலேஜ் 45, ஆனால் அந்தப் பிழையோடு 3.3 என்று வந்தால் 41, 2.7 என்று வந்தால் 50. ஒரே வண்டி, ஒரே ஓட்டம், கையில் கிடைப்பது 41-ஆ 50-ஆ என்பது நிரப்பிய விதத்தில் இருக்கிறது. மூன்று லிட்டர் போட்டு ஒரே தடவையில் மைலேஜ் சொல்பவர்களின் எண்ணை அதனால்தான் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. இதற்கு மருந்து, தொடர்ந்து சில தடவை நிரப்பி மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுப்பது. இதில் ஒரு அருமையான விஷயம் இருக்கிறது: நடுவில் ஒரு தடவை கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டால் அடுத்த தடவை அவ்வளவு குறைவாகப் பிடிக்கும், இரண்டும் அடிபட்டுப்போகும். கடைசியில் கணக்கில் நிற்பது முதல் நிரப்பலின் பிழையும் கடைசி நிரப்பலின் பிழையும் மட்டும்தான். எனவே 40 லிட்டர் ஓடிய பிறகு அதே 0.3 லிட்டர் பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

சராசரி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு தடவை 240 கி.மீ.க்கு 4.8 லிட்டர், மைலேஜ் 50. அடுத்த தடவை 240 கி.மீ.க்கு 6 லிட்டர், மைலேஜ் 40. சராசரி 45 என்று சொல்லத் தோன்றும். மொத்தம் 480 கி.மீ., 10.8 லிட்டர், வகுத்தால் 44.4. இங்கே வித்தியாசம் சின்னது, ஆனால் நகர நெரிசலில் ஒரு தடவை, நீண்ட சாலையில் ஒரு தடவை என்று எண்கள் அகன்றுபோனால் வித்தியாசமும் பெரிதாகும்.

நடுவில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று போட்டாலும் பரவாயில்லை, எவ்வளவு போட்டீர்கள் என்று விடாமல் குறித்துக்கொண்டால் போதும். மறுபடி முழுதாக நிரப்பும்போது எல்லாவற்றையும் கூட்டி வகுத்துக்கொள்ளலாம். அதுவரை ட்ரிப் மீட்டரைத் தொடாதீர்கள்.

கிலோமீட்டர் சரியாக ஓடுகிறதா என்ற கேள்வியும் வரும். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்று பல நாடுகளில் விதி இருப்பதால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள், ஆனால் ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் அதே அளவு கூட்டிக் காட்டும் என்று சொல்ல முடியாது. ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு நேர்ச்சாலையில் ஒரு 50 கி.மீ. ஒப்பிட்டுப் பாருங்கள். டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், சக்கரம் அதிகச் சுற்று சுற்றும், மீட்டர் கூடுதலாகக் காட்டும்: 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் 5 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் 10 குறைகிறது, ஏறக்குறைய 1.7 சதவீதம். ஒரு நல்ல செய்தி, எங்கே பெட்ரோல் தீரும் என்று தெரிந்துகொள்வதற்கு இந்தத் திருத்தம் எதுவும் தேவையில்லை. மைலேஜையும் அதே மீட்டரில்தான் கணக்கிட்டீர்கள், மிச்சத் தூரத்தையும் அதே மீட்டரில்தான் பார்க்கப்போகிறீர்கள், இரண்டிலும் ஒரே பிழை என்பதால் முடிவு சரியாகவே இருக்கும். வேறு வண்டியோடு ஒப்பிடும்போதுதான் திருத்தம் வேண்டும்.

கேஜுக்கு உங்கள் சொந்த அட்டவணை

ஒவ்வொரு முறை டேங்க் நிரப்புவதற்கு முன்பும் வண்டியை நிமிர்த்தி, எத்தனை கோடு அல்லது முள் எங்கே என்று பாருங்கள். நிரப்பிய பிறகு எத்தனை லிட்டர் பிடித்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். போனில் ஒரு குறிப்பு போதும்: "மூன்று கோடு, ட்ரிப் 212, பிடித்தது 5.6". டேங்க் கொள்ளளவிலிருந்து அந்த 5.6-ஐக் கழித்தால் மூன்று கோட்டில் உள்ளே இருந்த அளவு. வெவ்வேறு கோடுகளில் நிரப்பிப் பாருங்கள், கொஞ்ச நாளில் உங்கள் வண்டியின் ஒவ்வொரு கோட்டுக்கும் லிட்டர் தெரிந்துவிடும். எச்சரிக்கை விளக்குக்கும் இதே வேலைதான். விளக்கு எரிந்ததும் ட்ரிப்பைக் குறித்துக்கொண்டு கிடைக்கும் முதல் பங்கில் நிரப்புங்கள். பிடித்த அளவைக் கொள்ளளவிலிருந்து கழித்து, விளக்கு எரிந்த பிறகு ஓடிய தூரத்துக்கான பெட்ரோலைக் கூட்டினால், விளக்கு எரியும்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கிடைத்துவிடும். இதற்காக டேங்கைக் காயவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

புத்தகத்தில் போட்டிருக்கும் கொள்ளளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் ரிசர்வும் சேர்ந்திருக்கும், பம்பால் உறிஞ்ச முடியாமல் அடியில் தங்கும் கொஞ்சமும் சேர்ந்திருக்கும். 13 லிட்டர் என்று போட்டிருந்தால் 12 என்று வைத்துக்கொண்டு, அதிலும் 1.5 லிட்டரைத் தொடாமல் விடுங்கள், மிச்சம் 10.5. இதை உங்கள் சராசரி மைலேஜால் பெருக்காதீர்கள், இதுவரை வந்ததிலேயே மோசமான மைலேஜால் பெருக்குங்கள். அது 38 என்றால் 399 கி.மீ. ட்ரிப் மீட்டர் 350-ஐத் தொட்டதும் பங்க் கண்ணில் பட்டால் நுழைந்துவிடுங்கள், 399-க்கு மேல் ஒருபோதும் போகாதீர்கள். பங்க் அரிதான பாதை, எதிர்க்காற்று, பின்னால் ஆள், இருபக்கமும் மூட்டை என்றால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

புதிய வண்டிகளில் "இன்னும் இத்தனை கி.மீ. போகும்" என்று மீட்டரே சொல்லும். சமீபத்தில் ஓடிய ஓட்டத்தின் மைலேஜை வைத்து அது கணக்கிடுகிறது, அதனால் நெரிசலை விட்டு வெளியேறிச் சீராக ஓட்டினால் தூரம் ஏறும், மலையேற்றம் வந்தால் இரண்டு இரண்டாக இறங்கும். திரையில் வரும் மைலேஜ் எண்ணும், என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்திலிருந்து வரும் மதிப்பீடுதான். உங்கள் டேங்க் கணக்கோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் கூட்டிச் சொல்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் பிறகு மனதுக்குள்ளேயே கழித்துக்கொள்ளலாம்.

மைலேஜ் திடீரென்று குறைந்தால்

முதலில் வண்டியைக் குறை சொல்லாமல் ஓட்டிய விதத்தைப் பாருங்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 80-இல் ஓட்டியவர் 100-க்குப் போனால் தடை 1.56 மடங்கு. சின்ன வண்டியை அதன் உச்சத்துக்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்டினால் எந்த ட்யூனிங்கும் மைலேஜைக் காப்பாற்றாது. குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும், எனவே இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, ஆறிய பிறகு மறுபடி இரண்டு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டி நல்ல மைலேஜ் தராது. பெட்ரோலும் காரணமாக இருக்கலாம். எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10-இல் சக்தி 3 முதல் 4 சதவீதமும் இ20-இல் 6 முதல் 7 சதவீதமும் குறையும்.

இவை எதுவும் இல்லை, இரண்டு மூன்று நிரப்பலாகத் தொடர்ந்து பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தே வருகிறது என்றால் வண்டியில் தேட வேண்டும். ஆரம்பிக்க வேண்டிய இடம் டயர்க் காற்று, வண்டி ஓடிச் சூடாகும் முன் பாருங்கள். அடுத்து சென்டர் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள், தாராளமாகச் சுற்ற வேண்டும், சரசரவென்று உரசி உடனே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்சக்கரத்துக்கு, பிரேக்கே போடாமல் கொஞ்ச தூரம் மெதுவாக ஓடி நிறுத்திவிட்டு டிஸ்க் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள், அனல் அடித்தால், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரில் பிஸ்டன் மாட்டிக்கொண்டிருக்கிறது. செயின் வறண்டு துரு கட்டியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் என்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாமல் கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை கறுப்பாகப் புகைக்கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: கார்புரேட்டர் வண்டியில் (குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும்) சோக் முழுதாகத் திரும்பவில்லையா, கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையின் மட்டம் ஏறிவிட்டதா, கீழே தொங்கும் ட்யூபில் பெட்ரோல் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் வெப்பநிலை சென்சார் கெட்டு என்ஜின் எப்போதும் குளிராக இருப்பதாகத் தகவல் அனுப்பினாலும், ஆக்ஸிஜன் சென்சார் தளர்ந்தாலும் இதேதான் நடக்கும்.

கேஜ் உண்மையிலேயே கெட்டிருந்தால்

வளைந்து நெளிந்து காட்டினாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி காட்டுகிற கேஜ் நல்ல கேஜ். அதே அளவு பெட்ரோலுக்கு இன்று மூன்று கோடு, நாளை ஐந்து கோடு என்றால், அல்லது முள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால்தான் பழுது. டேங்கைத் திறக்கும் முன் வெளியே பாருங்கள். டேங்குக்கு அடியில் வரும் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், எர்த் ஒயர் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். பல கேஸ்கள் இங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சென்சாரின் இரண்டு ஒயருக்கும் இடையே அளந்து, நிறைந்த டேங்கிலும் காலி டேங்கிலும் சர்வீஸ் மேனுவலில் சொன்ன எண் வருகிறதா என்று ஒப்பிடுங்கள், வண்டிக்கு வண்டி இந்த எண் மாறும்.

சென்சாரை வெளியே எடுக்க வேண்டியிருந்தால் என்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும், காற்றோட்டமான இடம், பக்கத்தில் தீப்பொறி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவித் தூரத்தில் உள்ள நெருப்பைக்கூடப் பிடித்துக்கொள்ளும். எடுத்த பிறகு மிதவைக் கம்பியைக் கையால் மெதுவாக மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே மல்டிமீட்டரைப் பாருங்கள். எண் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் எங்காவது எகிறினாலோ அறுந்துபோனாலோ தடைப்பட்டை அங்கே தேய்ந்திருக்கிறது, சென்சாரையே மாற்ற வேண்டியதுதான். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் ஓட்டை வழியாகப் பெட்ரோல் புகுந்து மூழ்கிக்கொண்டிருக்கிறது. கம்பி வளைந்திருந்தாலும் கேஜ் தப்பாகவே காட்டும். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கட் போடுங்கள், போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

நடுவழியில் நின்றுபோனால்

பெட்ரோல் தீரும் வண்டி முதலில் மேட்டிலும் முறுக்கும்போதும் விக்கும், ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தினால் சமாளித்துக்கொள்ளும். இந்த அறிகுறி தெரிந்ததும் இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். காக் இருந்தால் ரிசர்வ். இல்லையென்றால், அல்லது ரிசர்வும் தீர்ந்துவிட்டால், காக் அல்லது பம்ப் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டியை நன்றாகச் சாயுங்கள், மறுபக்கப் பையில் தங்கிய பெட்ரோல் நடு மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து விழும். வண்டி கனம் என்றால் இன்னொருவர் துணையோடு செய்யுங்கள், மூடி நன்றாக அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்படிக் கிடைப்பது கொஞ்சம்தான், மெதுவாக, உயர் கியரில், நேராக அடுத்த பங்குக்கு.

கேனில் வாங்கி வருவதாக இருந்தால் பெட்ரோலுக்கென்றே செய்த கேன் மட்டும். தண்ணீர் பாட்டிலில் வாங்காதீர்கள், பெட்ரோல் ஆவிக்கும் அழுத்தத்துக்கும் அது தாங்காது. கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும், வண்டி சீட்டில் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி வர வாய்ப்புண்டு.

ஊற்றிய பிறகு இன்ஜெக்‌ஷன் வண்டியில் உடனே ஸ்டார்ட்டரை அமுக்க வேண்டாம். சாவியைப் போட்டதும் பம்ப் ஓரிரு விநாடி ஓடும் சத்தம் கேட்கும், அது நின்றதும் அணைத்து மறுபடி போடுங்கள், இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் லைனில் பெட்ரோல் ஏறிவிடும். கார்புரேட்டர் வண்டியில் காக்கைத் திறந்து கார்புரேட்டரின் கிண்ணம் நிறையக் கொஞ்சம் பொறுங்கள். என்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தில் இயங்கும் காக் என்றால் என்ஜின் சுற்றாமல் பெட்ரோல் இறங்காது, அதற்கென்று பிரைம் நிலை இருந்தால் அதில் வைத்து ஸ்டார்ட் செய்து, ஓட ஆரம்பித்ததும் ஆனுக்குத் திருப்பிவிடுங்கள். பிரைமிலேயே விட்டுவிட்டு வண்டியை நிறுத்தினால், கார்புரேட்டர் ஊசி சரியாக அடைக்காத வண்டியில் பெட்ரோல் வழிந்து என்ஜின் ஆயிலில் கலந்துவிடும்.